கண்ணில் படாத குழந்தையை எண்ணுவது எப்படி?

இலங்கையா, துருக்கியா? போலந்தா, தென்கொரியாவா? மலேசியாவா, ரஷ்யாவா? பாகிஸ்தானா, வியட்நாமா? தாய்லாந்தா, தென்னாப்பிரிக்காவா?

உலகக் கோப்பை ஆட்ட அட்டவணை என்று நினைத்துவிடாதீர்கள். 1990களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டில் ஒரு பேராசிரியர் தன் மருத்துவ மாணவர்களுக்கு வைத்த பரீட்சை இது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாட்டில் சிறு குழந்தைகள் இறப்பது மற்ற நாட்டைப் போல இரண்டு மடங்கு. அது எந்த நாடு? இதுதான் கேள்வி. மேலே படிப்பதற்கு முன் நீங்களும் மனதுக்குள் ஐந்து விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டிப் பார்க்கக் கூடாது!

குறித்தாயிற்றா? அன்றைய கணக்குப்படி விடைகள் இவை: துருக்கி, போலந்து, ரஷ்யா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா. இலங்கை, துருக்கியைவிட எவ்வளவோ மேலே இருந்தது. மலேசியா, ரஷ்யாவை முந்தியிருந்தது.

அந்த மாணவர்கள் சுவீடனிலேயே கெட்டிக்காரர்கள். அவர்கள் வாங்கியது ஐந்துக்குச் சராசரியாக 1.8. பேராசிரியர் சிரித்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டார். ஒரு சிம்பன்சியின் முன்னால் இரண்டு வாழைப்பழங்களை வைத்து, ஒன்றில் ‘இலங்கை’, மற்றதில் ‘துருக்கி’ என்று எழுதியிருந்தால் அது கைக்குக் கிடைத்ததை எடுக்கும். இப்படி ஐந்து முறை எடுத்தால் சராசரியாக இரண்டரை சரியாக வந்துவிடும். மாணவர்கள் சிம்பன்சியிடம் தோற்றுவிட்டார்கள். அதே கேள்விகளைத் தன்னோடு வேலை பார்த்த பேராசிரியர்களிடமும் கேட்டார். மருத்துவ நோபல் பரிசை யாருக்குத் தருவது என்று முடிவுசெய்கிற கரோலின்ஸ்கா நிறுவனத்துப் பேராசிரியர்கள் அவர்கள். சிம்பன்சிக்குச் சமமாக வந்தார்கள்!

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒன்றுமே தெரியாதவருக்கு இரண்டரை கிடைக்கும் என்றால், 1.8 வாங்கியவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, ஆனால் தப்பாகத் தெரிந்திருக்கிறது. ‘ஐரோப்பா பக்கம் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும், ஆசியா என்றால் பாவம் ஏழைகள்’ என்று ஒரு பழைய படம் அவர்கள் தலைக்குள் இருந்தது. அந்தப் படம்தான் விடை எழுதியது.

அந்தப் பேராசிரியர் பெயர் ஹான்ஸ் ரோஸ்லிங் (1948-2017). அவர் தலையிலும் அதே படம் ஒரு காலத்தில் இருந்ததாம். 1972இல் மாணவராக இருந்தபோது பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்குச் சில காலம் படிக்க வந்தார். சுவீடனில் வகுப்பின் முன்வரிசைக்காரர். இங்கே வந்து ஓர் எக்ஸ்ரே படத்தைப் பற்றி நம் மாணவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் விடை சொல்வதைக் கேட்டதும், மூத்த டாக்டர்களின் வகுப்பில் தவறிப்போய் உட்கார்ந்துவிட்டோமோ என்று திகைத்துப்போனார். அவர்கள் அவரைப் போன்ற மாணவர்களேதான்!

சரி, பரீட்சைக்கு வருவோம். கேட்பதற்கு உலகத்தில் எத்தனையோ இருக்க, குழந்தைகள் இறப்பதைப் பற்றி ஏன் கேட்டார்? சிறுவர் பத்திரிகையில் போய் இதையா பேசுவது என்று உங்கள் வீட்டில் யாராவது முகம் சுளிக்கலாம். பேசத்தான் வேண்டும். ஒரு குழந்தை ஐந்து வயதைத் தாண்டுவதற்கு என்னவெல்லாம் கூடிவர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றில் இருக்கும்போதே அம்மாவுக்கு நல்ல சாப்பாடு வேண்டும். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். குடிக்கிற தண்ணீரில் கிருமி இருக்கக் கூடாது. தடுப்பூசி கெட்டுப்போகாமல் குளிர்பெட்டியில் ஊர்வரை வந்து சேர வேண்டும், அதற்குச் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும். காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அதற்கு அவள் கொஞ்சமாவது பள்ளிக்கூடம் போயிருந்தால் நல்லது. இதில் ஒன்று குறைந்தாலும் முதலில் அடிபடுவது குழந்தைதான். அதனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒரு நாட்டின் தண்ணீர்க் குழாய், சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து ஒளிந்திருக்கின்றன.

எண்ணைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெறுமனே ‘இந்த நாட்டில் இத்தனை குழந்தைகள் இறந்தார்கள்’ என்று சொன்னால் பெரிய நாடு எப்போதும் மோசமாகத் தெரியும், குட்டி நாடு எப்போதும் நல்லதாகத் தெரியும். ஆகவே, உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்தாவது பிறந்தநாளுக்கு முன்பே இறந்துவிடுகிறார்கள் என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்டால்தான் இந்தியாவையும் இலங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த முடியும். இதற்குப் பெயர் விகிதம். உங்கள் கணக்குப் புத்தகத்தில் வருகிற அதே விகிதம்தான்.

ரோஸ்லிங் இந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழுததற்கு ஒரு காரணம் உண்டு. 1979இல் அவர் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டுக்கு டாக்டராகப் போனார். நக்காலா என்ற துறைமுக ஊர். சுமார் மூன்று லட்சம் பேர் வாழ்கிற மாவட்டம், அதற்கு ஒரு டாக்டர், மிஞ்சினால் இரண்டு. ஒருமுறை இன்னொரு டாக்டர் நண்பர் அவரைப் பார்க்க வந்தார். வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வந்த ஒரு குழந்தைக்கு ரோஸ்லிங் ஊசி வழியாகத் திரவம் ஏற்றாமல், மூக்குக் குழாய் வழியாக உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. “உன் சொந்தக் குழந்தையாக இருந்தால் இப்படிச் செய்வாயா? கண்ணெதிரே இருக்கிற குழந்தைக்கு உன்னால் ஆனதையெல்லாம் செய்ய வேண்டாமா?” என்கிற மாதிரி சண்டை.

ரோஸ்லிங் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த ஆண்டு ஆஸ்பத்திரிக்குள் இறந்த குழந்தைகள் 52. மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, அவர்களில் எந்தப் பங்கு ஐந்து வயதைத் தாண்டுவதில்லை என்பதை வைத்துப் பார்த்தால், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் இறந்துபோன குழந்தைகள் ஏறத்தாழ 3,900. அவர் கண்ணால் பார்த்தது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை! ஊசி குத்த அரை மணி நேரம் செலவழிப்பதா, அந்த நேரத்தில் கிராமங்களுக்குப் போய் தடுப்பூசிக்கும் அங்கங்கே சின்ன மருத்துவ நிலையங்களுக்கும் ஏற்பாடு செய்வதா? அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

நண்பரின் கட்சியும் தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிரே இருக்கிற குழந்தை வெறும் எண் அல்லவே. ஆனால் 3,900 பேரும் வெறும் எண் அல்ல. நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கண்ணில் படாத அவர்களைப் பார்க்க எண்ணைத் தவிர ரோஸ்லிங்குக்கு வேறு வழி இருக்கவில்லை.

இப்போது உங்களில் யாரோ ஒருவர் கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. ‘கண்ணிலேயே படாத குழந்தையை எப்படி எண்ணினார்கள்?’ நல்ல கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

இந்த வித்தையில் முதல் ஆள் என்று சொல்லத் தக்கவர் லண்டனில் ஊசி, நூல், பொத்தான் மாதிரியான சாமான்கள் விற்றுக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர். பெயர் ஜான் கிராண்ட். அந்தக் காலத்தில் லண்டனில் வாராவாரம் ஒரு தாள் அச்சிட்டு விற்பார்கள். இந்த வாரம் இறந்தவர்கள் இத்தனை பேர், காய்ச்சலில் இத்தனை, அம்மையில் இத்தனை, பிளேக்கில் இத்தனை என்று அதில் இருக்கும். பிளேக் வருகிறதா, ஊரைவிட்டு ஓடலாமா என்று பார்க்கத்தான் பணக்காரர்கள் அதை வாங்குவார்கள். தகவல் திரட்டியது யார் தெரியுமா? வயதான பாட்டிமார். சாவு மணி கேட்டதும் அந்த வீட்டுக்குப் போய், உடலைப் பார்த்து, என்ன நோய் என்று விசாரித்து வந்து சொல்வது அவர்கள் வேலை.

எல்லாரும் படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட அந்தத் தாள்களைப் பல்லாண்டுக் கணக்கில் சேர்த்து வைத்துக் கூட்டிப் பார்த்தவர் கிராண்ட். ஒரு சிக்கல் இருந்தது. இறந்தவரின் வயது அந்தத் தாளில் கிடையாது. குழந்தைகள் எத்தனை பேர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் நோய்ப் பெயர்களைப் பார்த்தார். பல் முளைக்கும்போது வருகிற தொல்லை, வலிப்பு, நாக்குப் புண், எலும்பு வளைகிற கணை நோய் என்று சில பெயர்கள் குழந்தைகளுக்கே உரியவை. அவற்றை முழுதாக எடுத்துக்கொண்டார். பெரியம்மையும் தட்டம்மையும் பெரியவர்களுக்கும் வரும் என்பதால் அவற்றில் பாதியை எடுத்துக்கொண்டார். கூட்டினார். 1662இல் புத்தகமாகப் போட்டார். பிறக்கிற 100 பேரில் 36 பேர் ஆறு வயதாகும் முன்பே போய்விடுகிறார்கள் என்றது அந்தப் புத்தகம். லண்டன்வாசிகள் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுத் துக்கம் தெரியும். ஊரின் துக்கம் இவ்வளவு என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

நாடு முழுவதும் விடாமல் எண்ணத் தொடங்கியது சுவீடன். 1749இல் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஊர் தேவாலயத்துப் பாதிரியாரும் பிறப்பு, இறப்பு, இறப்புக்குக் காரணம் எல்லாவற்றையும் எழுதி மேலே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. கூட்டிப் பார்த்தால் நாட்டு மக்கள்தொகை அரசாங்கம் நினைத்ததைவிட மிகக் குறைவு! எதிரி நாட்டுக்குத் தெரிந்தால் ஆபத்து என்று அந்த எண்ணைச் சில காலம் ராஜ ரகசியமாகவே பூட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடுகளால்தான் இன்று நமக்கு ஒன்று தெரிகிறது. 1750களில் சுவீடனில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்கவில்லை. இன்றோ ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர் இரண்டு அல்லது மூன்று பேர். சுவீடன் பிறவியிலேயே பணக்கார நாடு, அங்கே எப்போதும் எல்லாம் நன்றாகவே இருந்தது என்று யாராவது சொன்னால் இந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள்.

பிறப்பையும் இறப்பையும் ஒன்றுவிடாமல் பதிகிற நாட்டில் இந்த வேலை சுலபம். உலகத்தில் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்தில் நம் நாட்டிலும் பதிவு அரைகுறைதான். வீட்டிலேயே பிரசவம், வீட்டிலேயே இழப்பு. யார் போய் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதிவைப்பார்கள்?

1949இல் சி. சந்திரசேகரன் என்ற இந்திய மக்கள்தொகை அறிஞரும், எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி சொன்னார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள சிங்கூர் பகுதிக் கிராமங்களின் பதிவுகளை வைத்து அந்த வழியை விளக்கினார்கள். பென்சிலை எடுங்கள், இது செய்து பார்க்க வேண்டிய கணக்கு.

ஒரு கற்பனை ஊர். அந்த ஆண்டு அங்கே எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று தெரிய வேண்டும். செல்வி அக்காவை அனுப்புகிறோம். அவர் ஆண்டு முழுவதும் விசாரித்து 90 குழந்தைகளைப் பதிகிறார். பிறகு, செல்வி அக்காவின் நோட்டைப் பார்க்காத முருகேசன் அண்ணனை அனுப்புகிறோம். அவருக்குக் கிடைத்தது 80. இப்போது இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிடுகிறோம். இரண்டிலும் இருக்கும் பெயர்கள் 72.

யோசியுங்கள். முருகேசன் அண்ணன் கண்டுபிடித்த 80 பேரில் 72 பேரைச் செல்வி அக்கா ஏற்கெனவே பிடித்திருக்கிறார். அதாவது பத்துக்கு ஒன்பது. அப்படியானால் செல்வி அக்காவின் கண்ணில் பொதுவாகவே பத்துக்கு ஒன்பது குழந்தைகள் படுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் நோட்டில் இருப்பது 90. அது பத்தில் ஒன்பது பங்கு என்றால், முழுசு 100.

இனிதான் வேடிக்கை. இரண்டு நோட்டையும் சேர்த்தாலும் 98 பெயர்கள்தான் இருக்கின்றன. (90ஐயும் 80ஐயும் கூட்டி, இரண்டு தடவை வந்த 72ஐக் கழித்துப் பாருங்கள்.) மீதி இரண்டு குழந்தைகள்? செல்வி அக்காவும் பார்க்கவில்லை, முருகேசன் அண்ணனும் பார்க்கவில்லை. உலகத்தில் எந்த நோட்டிலும் பெயர் இல்லாத இரண்டு குழந்தைகள் கணக்கு வழியாக நம் முன்னால் வந்து நிற்கிறார்கள்! முதல்முறை இது புரிந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

காட்டில் புலிகளை எண்ணுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஒவ்வொரு புலிக்கும் உடம்பில் வரிகள் வேறு வேறு. தானியங்கி கேமராவில் முதலில் விழுந்த புலிகளில் எத்தனை மறுபடியும் விழுகின்றன என்று பார்த்து, ஒரு தடவைகூட விழாத புலிகள் எத்தனை இருக்கும் என்று கணிக்கிறார்கள்.

இரண்டு தடவை எண்ணுகிற இந்த யோசனையை ஒட்டித்தான் இந்தியாவில் 1969-70இலிருந்து ‘மாதிரிப் பதிவுத் திட்டம்’ நடக்கிறது. தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்பைத் தொடர்ந்து எழுதி வருவார். பல இடங்களில் அவர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்து வீடு வீடாகத் தனியாக விசாரிப்பார். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாத பெயர்களுக்கு மறுபடியும் அந்த வீட்டுக்கே போய்ச் சரிபார்ப்பார்கள்.

நாடு முழுவதும் இப்படிச் செய்ய முடியாது. 8,800க்கும் மேற்பட்ட இடங்கள், 80 லட்சம் பேருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நம் ஜனத்தொகையில் ஆயிரத்துக்கு ஆறு பேர். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று பாட்டி சொல்வாரே, அதேதான். ஆனால் பாட்டியைக் கவனித்துப் பாருங்கள், மேலாக இருக்கிற பருக்கையை எடுக்க மாட்டார். கரண்டியைவிட்டுக் கிளறி, நடுவிலிருந்து எடுப்பார். புள்ளியியலாளர்களும் தங்களுக்குத் தெரிந்த ஊர், பஸ் வசதியுள்ள ஊர் என்று எடுக்கக் கூடாது. குலுக்கல் முறையில் எந்த ஊர் விழுகிறதோ அங்கேதான் போக வேண்டும், ஆற்றைக் கடந்து நடந்து போகிற ஊராக இருந்தாலும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தாய்மார்களிடமே கேட்பது. ‘உங்களுக்கு எத்தனை குழந்தைகள் பிறந்தன? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ இந்த இரண்டு கேள்விகளோடு தாயின் வயதும் தெரிந்தால் போதும், அந்தப் பகுதியின் குழந்தை இறப்பைக் கணித்துவிடலாம் என்று வில்லியம் பிராஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் காட்டினார். ஆப்பிரிக்காவில் பதிவேடே இல்லாத இடங்களுக்கு அது பெரிய உதவியாக அமைந்தது. நம் ‘தேசியக் குடும்பநல ஆய்வு’ 1992-93இலிருந்து தாய்மார்களிடம் இன்னும் விரிவாகக் கேட்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமையலுக்கு விறகா எரிவாயுவா, கழிப்பறை உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்தார்கள். இவற்றில் ‘இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ என்பதைக் கேட்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ‘இறந்துபோன குழந்தை உண்டா அம்மா?’ என்று கேட்க வேண்டும். அந்த அம்மா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் காத்திருக்க வேண்டும். உலக வரைபடத்தில் ஒரு புள்ளி மேலே போவதும் கீழே வருவதும் இப்படிப்பட்ட திண்ணைகளிலிருந்துதான்.

இப்படித் திரட்டிய எண்களையெல்லாம் ஐ.நா. அமைப்புகள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கின்றன. 1990இல் உலகம் முழுவதும் ஆயிரத்துக்கு 93 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2022இல் 37. இந்தியாவில் 1990இல் 127ஐ ஒட்டி இருந்தது, 2022இல் 30க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால், 1800ஐ ஒட்டிய காலத்தில் உலகில் பிறந்த குழந்தைகளில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டவில்லை என்று கணிக்கிறார்கள். ராஜா வீடு, பண்ணையார் வீடு எதுவும் விலக்கில்லை.

இந்த மாற்றத்தை ரோஸ்லிங் ஒரு படமாகவே ஓடவிட்டார். மகன் ஓலாவும் மருமகள் அன்னாவும் அவருக்காக ஒரு மென்பொருள் செய்தார்கள். திரையில் ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. மக்கள்தொகை அதிகம் என்றால் குமிழி பெரிது. வருமானம் கூடினால் வலப்பக்கம் நகரும், ஆயுள் கூடினால் மேலே ஏறும். வருடத்தை ஓடவிட்டால் குமிழிகள் குதித்து, சறுக்கி, மறுபடி ஏறும். போர் வந்த நாடு தொப்பென்று கீழே விழும். 2006இல் ஒரு மேடையில் அவர் இதைக் காட்டியபோது, கால்பந்து வர்ணனையாளர் மாதிரி கத்திக்கொண்டு திரைக்கு முன்னால் அங்குமிங்கும் ஓடினார். அன்னா பிறகு வேறொன்று செய்தார். உலகெங்கும் பல நாட்டு வீடுகளின் அடுப்பு, கட்டில், பல்துலக்கி, கழிப்பறை ஆகியவற்றைப் படமெடுக்கச் செய்து, நாட்டு வரிசையில் இல்லாமல் வருமான வரிசையில் அடுக்கினார். ஒரே வருமானமுள்ள சீன வீட்டு அடுப்பும் ஆப்பிரிக்க வீட்டு அடுப்பும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்!

‘எண்ணிப் பார்த்தால் மட்டும் குழந்தை பிழைத்துவிடுமா?’ என்று கேட்டால், பிழைக்காதுதான். ஆனால் எது பிழைக்க வைக்கிறது என்று எண்ணாமல் தெரியாது. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1971. வங்காளதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் என்ற ஊர் முகாமில் காலரா. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் கையிருப்பில் இருந்த சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஊசி போடத் தெரிந்தவர்களும் போதவில்லை. அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலமாகக் கட்டச் செய்தார். பீப்பாய்த் தண்ணீரில் கரைத்து, வந்தவர்களின் சொந்தக்காரர்கள் கையிலேயே கோப்பையைக் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முக்கியமானது, வந்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று எழுதியும் வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் போய்க்கொண்டிருந்த இடத்தில் இறப்பு 3.6 ஆகக் குறைந்திருந்தது. ‘வெறும் உப்புத் தண்ணீரா காலராவை ஜெயிக்கும்?’ என்று சந்தேகப்பட்ட பெரிய டாக்டர்களுக்கு அந்த எண் பதில் சொன்னது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தருகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு உலகமெங்கும் வழிவிட்டதில் பன்காவ் முகாமுக்குப் பெரிய பங்கு உண்டு.

கதையின் அடுத்த பகுதி வங்காளதேசத்தில். 1980இலிருந்து பத்தாண்டுகள், பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து போய் அம்மாக்களுக்கு இந்தக் கரைசலைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளவான தண்ணீர். அவர்களுக்குச் சம்பளம் எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதற்கு இல்லை! சில வாரம் கழித்து வேறொருவர் போய், குலுக்கலில் விழுந்த சில வீடுகளில் அம்மாவிடம் கேட்பார். அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் சம்பளம். (நம் பள்ளிக்கூடங்களில் இப்படி வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததுண்டு. ஆசிரியர்கள் மன்னிக்க.)

அம்மாக்கள் பிரமாதமாக ஒப்பித்தார்கள். ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது அதை உண்மையில் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஏன் என்று துருவினால், கற்றுக்கொடுக்கப் போன ஊழியர்களிலேயே பலர் தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத்தான் தேடினார்கள். அவர்களுக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை! முதலில் ஊழியர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று புரியவைத்தார்கள், ஆண்களிடமும் கடைவீதியில் பேசினார்கள், பிறகு பழக்கம் பரவியது. ‘ஒரு கோடி வீட்டுக்குப் போனோம்’ என்ற எண்ணோடு திருப்தியடைந்திருந்தால் இந்த ஓட்டை தெரிந்தே இருக்காது.

சராசரி என்கிற எண்ணிலும் இப்படி ஓர் ஓட்டை உண்டு. 2020இல் இந்தியாவில் ஆயிரத்துக்கு 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தார்கள் என்றது மாதிரிப் பதிவுத் திட்டம். மத்தியப் பிரதேசத்தில் 43. தமிழ்நாட்டில் 13. கேரளத்தில் 6. ஒரே நாடு, ஒரே ஆண்டு! 28 என்பது இவர்களில் யாருடைய எண்ணும் இல்லை. தமிழ்நாட்டின் 13க்குள்ளும் மலைக்கிராமம் ஒன்று, மாநகரம் ஒன்று என்று வேறு வேறு எண்கள் ஒளிந்திருக்கும். ‘உலகம் முன்னேறுகிறது’ என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் ‘யாருக்கு?’ என்றும் கேளுங்கள். 37 என்று குறைந்துவிட்ட 2022ஆம் ஆண்டிலும் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 49 லட்சம். நாளொன்றுக்கு 13,000க்கு மேல். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிறந்த ஒரு மாதத்துக்குள். உப்பும் சர்க்கரையும் தெரிந்த இந்தக் காலத்திலும் வயிற்றுப்போக்கு மட்டும் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டுபோகிறது.

சரி, செல்வி அக்கா கணக்கை நீங்களே செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டைகளைக் கொட்டுங்கள், எண்ணாமல். ஒரு பிடி எடுத்து எண்ணி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். காய்ந்ததும் மறுபடி கிண்ணத்தில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பிடி எடுங்கள். முதல் பிடியின் எண்ணையும் இரண்டாம் பிடியின் எண்ணையும் பெருக்கி, இரண்டாம் பிடியில் வந்த புள்ளிக் கொட்டைகளின் எண்ணால் வகுங்கள். முதல் பிடி 40, இரண்டாம் பிடி 30, அதில் புள்ளி உள்ளவை 12 என்றால், விடை 100. பிறகு எல்லாவற்றையும் எண்ணி எவ்வளவு பக்கத்தில் வந்தீர்கள் என்று பாருங்கள். ஒரே தடவையில் சரியாக வராவிட்டால் பயப்பட வேண்டாம், பத்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

இதோடு ஒரு புதிரும் தருகிறேன். தெருக்கோடி வீட்டில் கடிக்கிற நாய் ஒன்று இருக்கிறது. செல்வி அக்காவும் அங்கே போகவில்லை, முருகேசன் அண்ணனும் போகவில்லை. அல்லது, செங்கல் சூளை வேலைக்கு வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பிவிடும் ஒரு குடும்பம். இரண்டு பேர் வந்தபோதும் அவர்கள் குடிசை பூட்டிக் கிடந்தது. பெருக்கி வகுத்தால் அந்தக் குழந்தைகள் விடையில் வருவார்களா? கிண்ணத்தின் அடியில் பத்துக் கொட்டைகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டு, எந்தப் பிடிக்கும் அகப்படாதபடி செய்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். விடை எவ்வளவு குறைகிறது, அந்தப் பத்தையும் பிடிக்க என்ன செய்யலாம் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.